கிணற்றுக்குள் கிடந்த கம்பி

மின்சாரப் பரிசோதகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் துறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் விதிகளில் ஒன்று இப்படிப் போகும்: மின்சார விபத்து நடந்த இடத்தில், உயிரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர வேறு எதையும் பரிசோதகர் வந்து பார்க்கும் வரை மாற்றக் கூடாது. ஒரே வாக்கியம். போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, "இதைச் சட்டம் போட்டுத்தான் சொல்லணுமா சார்? சாதாரண அறிவு இருந்தாலே போதுமே" என்றார். நான் காப்பியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த வாக்கியம் சட்டத்துக்குள் வந்ததற்கு நான் எழுதிய தவறான அறிக்கை ஒன்றும் காரணம். அதை ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மின்சார வாரியம் கிடையாது. தனியார் கம்பெனிகள் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி ஊர்களுக்கு மின்சாரம் கொடுத்துவந்தன. அவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. மதுரை தல்லாகுளத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் முன்பக்கம்தான் அலுவலகம். நான் உதவிப் பரிசோதகர். எனக்கு மேலே பரிசோதகர் ஒருவர். அவர் பெயரை எழுத அவருடைய பிள்ளைகளிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதனால் பெரியவர் என்றே சொல்கிறேன். பருத்த உடம்பு, குறைந்த பேச்சு. கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணாடி மாட்டுவார்.

நான் சொல்லும் கம்பெனி மதுரை நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது அல்ல. மேற்கே நாகமலையைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிய சின்னக் கம்பெனி. தோட்டக் கிணறுகளுக்கு மோட்டார் ஓட்டவும், இரண்டு மூன்று அரிசி ஆலைகளுக்கும் கம்பி இழுத்திருந்தார்கள். இரண்டாவது உலகச் சண்டை முடியும் தறுவாய் அது. சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிருந்தது. பெட்ரோல் கிடையாது, பஸ்களும் கார்களும் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைவிட்டபடி ஓடின.

ஒரு ஐப்பசியில் அந்தக் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. நாகமலைப் புதுக்கோட்டைக்குத் தெற்கே இரண்டு மைலில் ஒரு தோட்டத்தில், மாயன் என்ற விவசாயி மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். கம்பத்தின் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டியிருக்கிறார். மாடு இழுத்ததில் கம்பி நகர்ந்து மேலே மின்கம்பியில் உரசியிருக்கிறது. கம்பெனி எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்.

புதியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பம் சாயாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து தரைக்குச் சாய்வாக இழுத்துக் கட்டுவதுதான் ஸ்டே கம்பி. அதன் நடுவில் ஒரு பீங்கான் இருக்க வேண்டும். மேலே மின்சாரம் கசிந்தாலும், மனிதர் கை எட்டும் கீழ்ப்பகுதிக்கு வராமல் அது தடுத்துவிடும். பீங்கான் இல்லாத ஸ்டே கம்பி, ஈரத் தரையில் நிற்பவனுக்கு எமன்.

தகவல் கிடைத்து நான்காம் நாள்தான் என்னால் போக முடிந்தது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். கம்பெனியின் என்ஜினீயர் தன் காரை அனுப்பினார். வழியில் அவரும் ஏறிக்கொண்டார். நல்ல மனிதர். ஆரப்பாளையத்தில் காரை நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தார். நான் படித்த கல்லூரியைப் பற்றி விசாரித்தார். அவரும் அங்கேதான் படித்தவர். இறங்கும்போது எனக்கு அவர் அண்ணன் மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

கம்பம் வரப்போரம் நின்றது. ஸ்டே கம்பி விறைப்பாக இருந்தது. நடுவில் வெள்ளைப் பீங்கான். எல்லாம் விதிப்படி. நான் அளந்தேன், குறித்துக்கொண்டேன். கம்பி தரைக்குள் இறங்கும் இடத்தில் மண் புதிதாகக் கிளறியிருந்ததையும் பார்த்தேன். கம்பத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை துருப்பிடித்திருந்தது. கம்பி மட்டும் பளபளத்தது. பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அப்போதுதான் மாயனின் மனைவி வந்தார். பேச்சியம்மாள். முப்பது வயது இருக்கும். அழவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"சர்க்கார் ஆளு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"இந்தக் கம்பி முந்தாநா மாத்துனதுய்யா. பழைய கம்பில இந்த வெள்ளக் குண்டு கெடையாது. மாட்ட அவுக வேப்பமரத்துலதான் கட்டிட்டுப் போனாக. வாய்க்கா வெட்டி விடப் போனவுக, வழுக்குதுன்னு கம்பியப் புடிச்சிருக்காக. அம்புட்டுத்தான்."

"பழைய கம்பி எங்கம்மா?"

"கெணத்துக்குள்ள போட்டுட்டாக. இந்தா இவுகதான் போட்டாக."

அவர் கை காட்டிய இடத்தில் கம்பெனியின் லைன்மேன் நின்றார். காதர் என்று பெயர், மதுரை முனிச்சாலைக்காரர். குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

என்ஜினீயர் என் தோளில் கை வைத்தார். "பாவம், புருஷன் போன துக்கம்" என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்.

கிணறு பத்து எட்டில் இருந்தது. மழைக்காலம்; விளிம்பு வரைக்கும் தண்ணீர். போய் எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது. ஆளை இறக்கித் தேட வேண்டும் என்றால் அரை நாள் ஆகும். ஆளைக் கேட்க வேண்டும், கயிறு கேட்க வேண்டும், அண்ணன் மாதிரி பழகியவர் முகத்துக்கு எதிரே அவரை நம்பவில்லை என்று காட்ட வேண்டும். காரில் கரி அணைந்துவிடும் என்று டிரைவர் வேறு சொல்லி அனுப்பினார். திரும்பிவிட்டேன்.

அறிக்கையை எழுதும்போது எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது. பரிசோதகர் தான் கண்டதை எழுத வேண்டும். பிறர் சொன்னதை எழுதக் கூடாது. 'ஸ்டே கம்பி உரிய பீங்கானுடன் நல்ல நிலையில் இருந்தது' என்று எழுதினேன். அது உண்மை. பீங்கான் இருந்தும் மாயன் எப்படி இறந்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. 'இறந்தவர் மாட்டைக் கம்பியில் கட்டியதால் விபத்து நேர்ந்ததாகத் தெரிகிறது' என்று எழுதினேன். அது கம்பெனி சொன்னது. பிறர் சொன்னதை எழுதக் கூடாது என்ற என் நியாயம் பேச்சியம்மாளுக்கு மட்டும்தான் பொருந்தியிருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெரியவர் கண்ணாடியை மாட்டி, இருபது காகிதங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை வருடம் போனது. சண்டை முடிந்து, சென்னையில் புது மந்திரிசபை வந்தது. மின்சாரக் கம்பெனிகளை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு மசோதா சட்டசபைக்கு வந்தது. கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கட்டணத்தை ஏற்றக் கூடாது, காரணம் சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று அதில் பல விஷயங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே நான் முதலில் சொன்ன அந்த வாக்கியமும் இருந்தது. மசோதாவைப் பரிசீலிக்கச் சட்டசபை அங்கத்தினர்கள் அடங்கிய கமிட்டி ஒன்று ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டது. மதுரையில் மூன்று நாள் தங்கினார்கள். தல்லாகுளத்தில் ஒரு கட்டிடத்தின் மாடியில் விசாரணை. சாட்சி சொல்ல வந்திருந்த பெரியவருக்குப் பின்னால் நான் பைல்களோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் காலையில் கம்பெனிகளின் சார்பில் பேசியவர் அதே என்ஜினீயர். நன்றாகப் பேசினார். அந்த வாக்கியத்தை அவர் எதிர்த்ததில் நியாயமும் இருந்தது.

"விபத்து நடந்த இடத்தைத் தொடக் கூடாது என்றால் லைன் முழுவதும் நின்றுவிடும். பரிசோதகர் வர நாலு நாள் ஆகிறது. நாலு நாள் மோட்டார் ஓடாவிட்டால் பயிர் என்ன ஆகும்? இப்போது இருக்கும் ஏற்பாடே போதும். உதாரணத்துக்கு ஒன்றைக் காட்டுகிறேன்."

அவர் பையிலிருந்து எடுத்தது என் அறிக்கை.

நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'உரிய பீங்கானுடன் நல்ல நிலையில் இருந்தது.' "பாருங்கள், சர்க்கார் அதிகாரியே நேரில் வந்து எழுதியது. உண்மையைக் கண்டுபிடிக்க அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பிறகு எதற்குப் புது விதி?" கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார்.

பெரியவர் பின்னால் சாய்ந்தார். "ஏம்ப்பா, அந்த மாடு செத்துச்சா, பொழச்சுச்சா?"

"பொழச்சிருச்சு சார். நான் போனன்னைக்கு வேப்பமரத்தடில நின்னு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"கம்பில கட்டுன மாடு எப்படிப்பா பொழைக்கும்?"

நான் மடியிலிருந்த பைலைக் குனிந்து பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து அவர் சாப்பாட்டு அடுக்கைப் பிரித்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கிளறிய மண், பளபளத்த கம்பி, பேச்சியம்மாள், கிணறு, இட்லி உட்பட. அவர் தயிர்ச் சாதத்தைத் தின்று முடித்து, கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வேல தெரியாதவன்னு நெனைப்பீகன்னு பயந்தேன் சார்."

"ம்." அடுக்கை மூடினார். "இங்க பாரு. இத நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல. சொன்னா உன் சர்வீஸ் புத்தகத்துல கரும்புள்ளி விழும். கமிட்டி முன்னாடி பேசுறதுக்கு மேலதிகாரியா நான் அனுமதி குடுக்குறேன். பேசுன்னு உத்தரவு போட மாட்டேன்."

"அந்த அறிக்கைல உங்க கையெழுத்தும் இருக்கே சார்."

"என் கையெழுத்த நான் பாத்துக்கிறேன். நீ உன்னுதப் பாரு."

அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். நேர்மை மட்டுமே என்னைத் தள்ளியது என்று சொன்னால் அது இன்னொரு தவறான அறிக்கை ஆகிவிடும். பயமும் இருந்தது. என்றைக்காவது காதர் வாயைத் திறந்தால் என்ன செய்வது என்ற பயம். அதைவிட அதிகமாக வேறொன்று உறுத்தியது. நான் பயந்துபோய்ச் செய்த தவறு அதுவரை ஒரு பைலுக்குள் கிடந்தது. இப்போது அதை ஒரு சட்டத்துக்கு எதிராகக் கம்பு மாதிரி எடுத்து வீசுகிறார்கள். இனி சாகப் போகிறவர்களின் இடத்திலும் கம்பியை மாற்றிக் கட்ட அது உதவப் போகிறது.

மாலை அமர்வில் பெரியவர் எழுந்து, "காலையில் வாசித்த அறிக்கையை எழுதியவர் இவர். இவருக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது" என்றார்.

கமிட்டித் தலைவர் ஒரு வக்கீல். நான் பேசி முடித்ததும் கேட்டார்: "அப்படியானால் நீங்கள் பொய் எழுதினீர்களா?"

"இல்லை ஐயா. எழுதியதெல்லாம் என் கண்ணால் பார்த்ததும் கம்பெனி சொன்னதும்தான். ஆனால் பார்த்ததில் பாதியை விட்டேன். அந்த அம்மா சொன்னதை முழுவதும் விட்டேன்."

"ஏன் விட்டீர்கள்?"

"நான் போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, இது முன்பு இப்படி இல்லை என்று எழுதத் துணிச்சல் இல்லை. தொடாமல் வைத்திருந்தால் எனக்குத் துணிச்சலே தேவைப்பட்டிருக்காது."

என்ஜினீயர் எழுந்தார். குரல் மாறவில்லை. "கிணற்றில் கம்பி இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம். இருந்தால் எடுத்துக் காட்டட்டும்."

தலைவர் காலண்டரைப் பார்த்தார். "நாங்கள் இன்னும் இரண்டு நாள் இங்கேதான் இருக்கிறோம். போய்ப் பாருங்கள்."

மறுநாள் காலையில் பெரியவரும் நானும் பஸ்ஸில் போனோம். கம்பெனியின் தரப்பிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று என்ஜினீயர் கேட்டிருந்தார், காதரை அனுப்பியிருந்தார். சித்திரை வெயில். தோட்டம் காய்ந்து கிடந்தது. கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான். பேச்சியம்மாள் அன்று வேறு ஊருக்குக் களை எடுக்கப் போயிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கயிறு கொண்டுவந்தார். மாயன் மாட்டை எங்கே கட்டுவார் என்று பெரியவர் அவரைக் கேட்டார்.

"வேப்பமரத்துலதான். அன்னைக்கும் அங்கனதான் கட்டியிருந்துச்சு. நாந்தான அவுத்துக் கொண்டுபோயித் தண்ணி காட்டுனேன்."

"இத ஏன்யா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாக?"

கிணற்றுக்குள் யார் இறங்குவது என்ற பேச்சு வந்தது. அதுவரை ஓரமாக நின்ற காதர் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்தார்.

"நாந்தான் சார் போட்டேன். எந்த மூலைல கெடக்குன்னு எனக்குத்தான் தெரியும். நானே எறங்கி எடுக்குறேன்."

"கம்பெனி ஆளாச்சேப்பா நீ" என்றார் பெரியவர். "யோசிச்சுக்க."

"ஒன்றர வருசமா யோசிச்சாச்சு சார்." கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்.

மூன்றாவது முங்கலில் மேலே வந்தார். கையில் கம்பியின் நுனி. நாங்கள் மூவரும் இழுத்தோம். துருவும் பாசியுமாக, கம்பத்தில் மாட்டும் வளையத்திலிருந்து தரைக்குள் இறங்கும் முனை வரை, வெட்டில்லாத ஒரே கம்பி. நடுவில் பீங்கான் இல்லை. இருந்ததற்கான மடிப்பும் இல்லை. பெரியவர் அதை முழுவதும் கையால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கம்பியைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

கமிட்டியின் மேஜை மேல் அதை விரித்தபோது, என்ஜினீயர் வாதாடவில்லை. "சண்டைக் காலத்தில் பீங்கான் கிடைக்கவில்லை. லைன் கேட்டு விவசாயிகள் தினமும் வந்து நின்றார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டினோம்" என்றார். அதுவும் உண்மைதான் என்று இன்றும் நம்புகிறேன். அவரைக் கெட்டவராக நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் உங்களுக்கு இதில் பயனில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பீங்கான் இல்லாமல் கட்டியிருக்கக் கூடும். செத்த பிறகு மாற்றியதும், மாற்றியதை மறைத்ததும்தான் அவர் செய்தது. அதை முடித்துக்கொடுத்தது நான்.

கமிட்டியில் இருந்த மிராசுதார் ஒருவர் மட்டும் விடவில்லை. "எல்லாஞ் சரி. நாலு நாளு மோட்டார் நின்னா நெல்லு கருகிருமே, அதுக்கு என்ன வழி?" பெரியவர் எழுந்தார். "தகவல் கிடைத்து ஒரு நாளைக்குள் நாங்கள் வந்துவிடுகிறோம். வரத் தவறினால், ஊரில் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கம்பெனி வேலையைச் செய்யலாம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்." எங்களிடம் இருந்த ஒற்றைச் சைக்கிள் என் கண் முன் வந்தது. ஆனால் அந்த வாக்கியம் பிழைத்தது அவர் எங்கள் தலையில் ஏற்றிய அந்தப் பாரத்தால்தான். பிறரைக் கட்டுப்படுத்தும் விதியைக் கேட்பவர் தன்னைக் கட்டும் விதியையும் சேர்த்துக் கேட்டால், எதிர்ப்பவருக்குப் பேச்சு குறைந்துவிடுகிறது. பிற்காலத்தில் பல கூட்டங்களில் இதைப் பார்த்தேன்.

எனக்குக் கண்டனம் வந்தது. பட்டியலிலிருந்து பெயர் போனது. மூன்று வருடம் அப்படியே கிடந்தேன். பெரியவரிடம் சென்னையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். 'படிக்காமல் கையெழுத்திட்டேன்' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினார். காதரைக் கம்பெனி இரண்டு மாதம் கழித்து வேறேதோ காரணம் சொல்லி நீக்கியது. பெரியவர் நாலைந்து இடங்களுக்கு எழுதிப்பார்த்து, கடைசியில் அவருக்குச் சர்க்கார் லைனில் வேலை வாங்கிக் கொடுத்தார். மாயனின் விபத்து பற்றி முந்தையதை ரத்து செய்து, திருத்திய அறிக்கை ஒன்றை நான் எழுதினேன். மூன்று பிரதி. ஒன்று சென்னைக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒன்று அந்த ஊர் அதிகாரியான கிராம முன்சீபுக்கு. தபாலில் சேர்த்துவிட்டு, இந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

சட்டம் நிறைவேறியது. அடுத்த வருடம் நாகமலை அடிவாரத்தில் ஓர் அரிசி ஆலையிலிருந்து தகவல் வந்தது. ஓர் ஆளுக்குக் கை வெந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே போய்விட்டேன். வாசலில் கூட்டம். கம்பெனி ஆள் தப்பாக இணைப்புக் கொடுத்துவிட்டான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த லைன்மேன் அடி விழுமோ என்று பயந்து பக்கத்துக் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். ஆனால் சுவிட்சுப் பலகை அருகே ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்; யாரையும் தொட விடவில்லை. திறந்து பார்த்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆலைக்காரரே தடிச் செம்புக் கம்பியைச் சொருகியிருந்தார். லைன்மேன் மேல் தவறில்லை. அந்த என்ஜினீயரும் வந்திருந்தார். "நான் எதிர்த்த விதி என் ஆளைக் காப்பாற்றிவிட்டது" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் திரும்பும் வழியில் பேச்சியம்மாளின் ஊருக்குச் சைக்கிளைத் திருப்பினேன். ஒரு நல்ல செய்தியின் பங்காளி என்ற நினைப்பில் போனேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் வீட்டு முன்னால் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது.

"அன்னைக்கு வந்த சார்தானே. இப்ப எதுக்கு வந்தீக?"

"திருத்திய காகிதம் உங்களுக்கு வந்துச்சாம்மா?"

"என்ன காகிதம்?"

"உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு எழுதி முன்சீபுக்கு அனுப்பியிருந்தேனே."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "கெணத்துல கம்பி எடுத்தீகன்னு பக்கத்துத் தோட்டத்து அண்ணே சொன்னாரு. எடுத்துட்டுப் போனீக. அதுக்கப்புறம் யாரும் வரல, எதுவும் சொல்லல. நீங்க மொதல்ல எழுதுனத மட்டும் கம்பெனி ஆளுக வந்து ஊருக்குள்ள சொல்லிட்டுப் போனாக. எங்கொழுந்தனாரு என்ன சொன்னாரு தெரியுமா? அவுக இவுக சொல்றது கெடக்கட்டும், சர்க்கார் காகிதம் பொய் சொல்லாது, கம்பில மாட்டக் கட்டித்தான் எங்கண்ணன் செத்தான்னு இருக்குன்னாரு. அன்னைக்கு மாட்டக் கட்டிட்டுப் போங்கன்னு சொன்னவ நானு. நாந்தான் கொன்னேனாம். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, அந்த வீட்டுல எங்கூட யாரும் பேசுறதில்ல."

நான் அந்த வீட்டின் பக்கம் பார்த்தேன். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடு.

முன்சீப் வீட்டுக்குப் போனோம். அவர் கட்டுகளைப் பிரித்துத் தேடினார். அடியில் இருந்தது. கவர் பிரித்திருந்தது, காகிதத்தை மடிப்பு கலையாமல் திரும்ப உள்ளே வைத்திருந்தார்கள். "இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஆபீஸ் காகிதம்தானேன்னு பத்திரமா வச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதை இங்கிலீஷில் எழுதியது நான். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரிந்ததா என்று ஒரு வருடமாக விசாரிக்காமல் இருந்தவனும் நான். ஒரு சட்டத்தையே திருத்திவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்து வந்தவனுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் எதுவும் திருந்தவில்லை என்று தெரிந்தது.

"வாசிங்க" என்றார் பேச்சியம்மாள்.

முன்சீப் வீட்டு வாசலில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மாயன் தன் மாட்டை வேப்பமரத்தில் கட்டியிருந்தார். ஸ்டே கம்பியில் பீங்கான் இல்லை. அவர் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை. முந்தைய அறிக்கை தவறு.

பேச்சியம்மாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே அவருடைய மனைவியும் வந்தார். "இவுகளுக்கு வாசிங்க."

வாசித்தேன். கொழுந்தனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கீழ சர்க்கார் முத்திரை இருக்கா?" என்று கேட்டார். காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். பேச்சியம்மாள் பக்கம் அவர் திரும்பவில்லை. ஆனால் அவருடைய மனைவி திரும்பினார்.

பேச்சியம்மாள் அதற்குள் மறுபடியும் போய்விட்டார். மாமியார் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். களையெடுப்பு முடிந்து போன பெண்கள் நின்றார்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம், "மொதல்ல இருந்து வாசிங்கய்யா, இவுக கேக்கல" என்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தல்லாகுளம் பத்து மைல். சைக்கிள் மிதிக்க வேண்டும். கிளம்புகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறாவது முறை வாசித்தபோது எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.